பெரும்பூதூரும் ஆங்கில எழுத்தும்: திருத்தலப் பெயர்களின் ஒலிமரபு

எம்பெருமானாரின் திருவவதாரஸ்தலம் நெடுங்காலமாக மூன்று பெயர்களால் வழங்கி வந்துள்ளது. ஸம்ஸ்க்ருத நூல்களில் அது பூதபுரி. ஸ்ரீவைஷ்ணவர்களின் மணிப்ரவாள வழக்கில் பெரும்பூதூர். ஊரார் பேச்சில் பெரும்புதூர். இம்மூன்றோடு நான்காவதாக ஆங்கில எழுத்தில் அமைந்த வடிவம் ஒன்று கடந்த இரு நூற்றாண்டுகளில் வந்து சேர்ந்தது. இன்று உலகில் மிகுதியாக எழுதப்படுவதும் படிக்கப்படுவதும் இந்நான்காவது வடிவமே. பெரும்பூதூரிலிருந்து ஒரகடம் வரை விரிந்துள்ள தொழிற்சாலைகளின் முகவரிகளிலும், நெடுஞ்சாலைப் பலகைகளிலும், வெளிநாட்டு அடியார்கள் வாசிக்கும் ஸம்ப்ரதாய நூல்களிலும் அதுவே காணப்படுகிறது. முந்தைய மூன்று பெயர்களும் தாங்கிவந்த பொருளை இது தாங்குகிறதா, தாங்காவிடில் குறை எழுத்தினுடையதா வாசிப்பவருடையதா என்பது ஆராயத்தக்கது. ஊர்ப்பெயரை ஆசார்யர்களின் திருநாமங்களோடு இணைத்தே ஓதிவரும் ஸம்ப்ரதாயத்தில் இது சிறிய விஷயமன்று.

ஒரு மாத்திரையின் வேறுபாடு

பூதபுரி என்னும் பெயருக்கு ஸ்தலபுராணம் கூறும் காரணம் யாவரும் அறிந்ததே. பரமசிவனுடைய சாபத்துக்கு ஆளான பூதகணங்கள் இத்தலத்தில் தவம் புரிந்தன. ஆதிகேசவப் பெருமாள் அவற்றுக்கு ப்ரஸன்னமாகி, அனந்தனைக் கொண்டு அனந்தஸரஸ் என்னும் புஷ்கரிணியை உண்டாக்கி, அதில் நீராடச் செய்து சாபம் தீர்த்தருளினான். பூதங்கள் பேறு பெற்ற இடமாதலின் பூதபுரி என்றும், அதுவே தமிழில் பூதூர் என்றும் பெரியோர் நிர்வஹிப்பர். அனந்தன் அமைத்த அத்திருக்குளத்தின் கரையிலேயே பின்னர் அனந்தாம்சராகிய உடையவர் 1017ஆம் ஆண்டில் திருவவதரித்தார் என்பது இந்நிர்வாஹத்தின் நிறைவு.

ஊரார் வழக்கிலுள்ள பெரும்புதூர் என்னும் வடிவத்துக்கு இலக்கண முறையில் வேறு பொருள் கிடைக்கும். புது என்பதும் ஊர் என்பதும் புணர்ந்து புதூர் ஆகும். பெருமை என்னும் பண்புச்சொல் முன்வந்து பெரும்புதூர் ஆயிற்று. பெரிய புதிய குடியிருப்பு என்பது அதன் பொருள். தமிழகம் எங்கும் புதூர் என முடியும் ஊர்கள் பல இருத்தலால் இப்பொருளும் இயல்பானதே.

இவ்விரண்டு வடிவங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரே ஒரு மாத்திரை. பகர உகரம் குறிலாயின் புதிய ஊர். நெடிலாயின் பூதங்களின் ஊர். வ்யாக்யான மரபில் பயின்றவர்களுக்கு இது முரண்பாடாகத் தோன்றாது. ஒரே சொல்லுக்கு இரண்டு மூன்று நிர்வாஹங்களை அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய இடத்தைக் காட்டுவது பூர்வாசார்யர்களின் வழக்கம். ஆனால் இரண்டு நிர்வாஹங்களும் நிலைக்க வேண்டுமாயின் இரண்டு ஒலிகளும் தனித்தனியே நிலைத்திருக்க வேண்டும். ஆங்கில வடிவத்தில் உகரத்துக்கும் ஊகாரத்துக்கும் 'யூ' என்னும் ஒரே எழுத்தே நிற்கிறது. அதை மட்டும் கண்டவருக்குப் புதூரா பூதூரா என்னும் வினாவே எழாது. வினா எழாத இடத்தில் ஸ்தலபுராணத்துக்கும் ஊர்ப்பெயருக்கும் உள்ள தொடர்பு மறைந்துபோகிறது.

மாத்திரையோடு வர்ணத்தையும் இங்கே கருத வேண்டும். பூத என்னும் வடசொல்லில் முதலெழுத்து அதிர்ந்து மூச்சோடு வரும் நான்காம் பகரம். தகரம் அதிர்வில்லாத வல்லோசை உடையது. பெரும்பூதூர் என்று தமிழில் சொல்லும்போது மகரத்தை அடுத்த பகரம் மெலிந்து ஒலிக்கும். இரண்டு உயிர்களுக்கு இடைப்பட்ட தகரமும் மெலிந்து ஒலிக்கும். தமிழில் ஒரே தகரத்தை எழுதினாலும், பூதபுரியில் அதை வல்லோசையாகவும் பெரும்பூதூரில் மெல்லிய ஓசையாகவும் சொல்லுவது உபயவேதாந்திகளின் நாவுக்கு இயல்பாக இருந்தது. எழுத்து ஒன்று, ஓசை இரண்டு. வேறுபாட்டைக் காத்தது கேள்வி.

ஆங்கில வடிவம் பிறந்த விதம்

ஆங்கிலேயர் இந்நாட்டு ஊர்ப்பெயர்களை எழுதத் தொடங்கிய காலத்தில் விதி எதுவும் இல்லை. துபாஷிகளும் வணிகர்களும் சொன்னதைச் செவியில் பட்டவாறு எழுதிக்கொண்டனர். அல்லி மலர்ந்த கேணியாகிய திருவல்லிக்கேணியை அவர்கள் 'ட்ரிப்ளிகேன்' ஆக்கினர். அப்பெயரில் அல்லியும் இல்லை, கேணியும் இல்லை. வடமொழியில் கைரவிணி என்று அத்திருக்குளத்துக்கு ஏன் பெயர் என்பதை அவ்வடிவத்திலிருந்து எவரும் அறிய இயலாது. திருக்கச்சி நம்பிகள் அவதரித்த பூவிருந்தவல்லி மக்கள் பேச்சில் பூந்தமல்லி ஆயிற்று. ஆங்கிலத்தில் அதன் தகரமும் கழன்று 'பூனமல்லி' என நின்றது. காஞ்சீபுரம் 'காஞ்சீவரம்' ஆயிற்று.

இவை அனைத்தையும் அந்நியரின் பிழை என்று தள்ளிவிடுவதும் நியாயமாகாது. காஞ்சீவரம் என்பது மக்கள் வாயில் வழங்கிய வடிவத்தையே பின்பற்றியது. பக்தவத்ஸலப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் திருநின்றவூரைப் பேச்சு வழக்கில் தின்னனூர் என்பர். ஆங்கிலத்தில் எழுதியவர்களும் அதையே எழுதினர். பிராட்டியாகிய திரு வந்து நின்ற ஊர் என்னும் பொருள் மறைந்ததற்கு எழுதியவரைவிடச் சொல்லிக்கொடுத்தவரே காரணம் எனலாம்.

ஹண்டர் என்னும் அதிகாரி 1871ஆம் ஆண்டில் இந்தியப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதற்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டார். உயிரெழுத்துக்களுக்கு ஒரே சீரான குறி, மெய்யெழுத்துக்களுக்கு நெருக்கமான ஆங்கில எழுத்து என்பது அம்முறையின் அடிப்படை. நெடுநாள் பழகிப்போன பெயர்களை மட்டும் அது பழைய வடிவிலேயே விட்டுவைத்தது. பெரும்பூதூரின் ஆங்கில வடிவம் இவ்வகை முறையோடு பொருந்துவது. மகரத்தை அடுத்து மெலிந்த பகரத்துக்கு 'பி'யும், உயிர்களுக்கிடையே மெலிந்த தகரத்துக்கு 'டி'யும் அதில் இடப்பட்டுள்ளன. செவிக்கு எட்டிய ஓசையைக் கவனித்து அமைத்த எழுத்து அது என்பதை மறுக்க இயலாது.

ஆனால் அம்முறையில் மூன்று இழப்புகள் உண்டு. முதலாவது, குறில் நெடில் வேறுபாட்டுக்கு இட வேண்டிய மேற்கோடு அன்றாட எழுத்தில் விடுபட்டது. இரண்டாவது, தகரத்துக்கும் டகரத்துக்கும் ஒரே எழுத்து நின்றது. லகர ளகரங்களுக்கும் அவ்வாறே. மூன்றாவது, புணர்ச்சியில் மிகும் ஒற்றுக்கள் பெரும்பாலும் கைவிடப்பட்டன. தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லி ஓதுதலின் அங்கங்களாக வர்ணம், ஸ்வரம், மாத்திரை, பலம், ஸாமம், ஸந்தானம் என்னும் ஆறினைக் கூறுகிறது. அவற்றுள் மாத்திரையும் வர்ணமும் ஸந்தானமும் ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயர் புகும்போதே நழுவிவிடுகின்றன என்று சொல்லலாம்.

பெயர் பரவிய காலம்

தமிழ் அறிந்தோரிடையே மட்டும் இப்பெயர்கள் வழங்கியவரை மேற்சொன்ன இழப்பு பெரிதாகத் தெரியவில்லை. ஆங்கில வடிவத்தைக் கண்டவரும் தாம் முன்பே கேட்டறிந்த ஒலியை அதன்மேல் ஏற்றி வாசித்தனர். நிலைமை மாறியது பெயர் தன் ஊரை விட்டு வெகுதூரம் சென்றபோதுதான்.

1991ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி இவ்வூரில் கொல்லப்பட்ட துயரச் செய்தியோடு இப்பெயர் உலகத்தின் செய்தியறைகள் அனைத்துக்கும் ஒரே இரவில் சென்றது. அதை முதன்முறையாக எழுத்தில் கண்டு வாசித்தவர்கள் தத்தம் மொழியின் ஓசையை அதன்மேல் ஏற்றினர். தகரம் டகரமாயிற்று, ருகரத்தின் உகரம் தேய்ந்தது. வடநாட்டு ஏடுகளில் 'பெரம்புதூர்', 'பெரம்பதூர்' என்னும் வடிவங்கள் தோன்றின. பெருமையைக் குறிக்கும் பெரும் என்னும் அடை அதனால் பொருளற்ற ஒலியாயிற்று.

அடுத்து வந்தது தொழிற்சாலைகளின் காலம். 1996இல் தொடங்கப்பெற்ற ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைத்து 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியாவும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸானும், 2012இல் அங்கேயே டெய்ம்லரும் உற்பத்தியைத் தொடங்கின. வல்லம், வடகால், பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம், சுங்குவார்சத்திரம் என ஏரிப்பாசனத்தாலும் வழிப்போக்கர் சத்திரத்தாலும் அறியப்பட்டிருந்த ஊர்கள் கொரியாவிலும் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் முகவரிகளாக எழுதப்பட்டன. அங்கெல்லாம் அப்பெயர்களைச் சுமந்து சென்றது ஆங்கில எழுத்து ஒன்றே.

இங்கே கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. பீஹாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வேலைக்காக ஒரகடத்துக்கு வரும் தொழிலாளி ஆங்கிலப் பலகையைப் பார்த்து ஊர்ப்பெயரைக் கற்பதில்லை. பேருந்து நடத்துநர் கூவுவதைக் கேட்டும், தேநீர்க் கடையில் வழி கேட்டும் கற்கிறார். அதனால் விரைவிலேயே ஊரார் சொல்லுவதுபோல் சொல்லவும் செய்கிறார். ஆங்கில நூல்களின் வாயிலாக மட்டும் ஸம்ப்ரதாயத்தை அறியும் நம் குலத்துப் பிள்ளைகளோ, எம்பெருமானாரின் அவதாரஸ்தலத்தை எழுத்துக்கூட்டிப் படித்துப் 'பெரும்புடூர்' என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிவிடக்கூடும். முன்னவர் நாவைத் திருத்தியது கேள்வி. பின்னவருக்கு அது வாய்க்கவில்லை.

அண்டைத் தலங்களின் பெயர்கள்

பெரும்பூதூரைச் சூழ்ந்த திருத்தலங்கள் சிலவற்றின் பெயர்களை நோக்கினால், ஓர் ஒலி நழுவும்போது என்ன நழுவுகிறது என்பது மேலும் விளங்கும்.

திருமழிசை: பக்திஸாரர் அவதரித்த தலம். வடமொழியில் மஹீஸாரக்ஷேத்ரம். உலகத்தை ஒரு தட்டிலும் இத்தலத்தை மற்றொரு தட்டிலும் வைத்து நிறுத்தபோது இத்தலமே கனத்தது என்பது புராணம்; பூமியின் ஸாரம் என்னும் பெயர் அதனால் வந்தது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தை தற்காலிகமாக இங்கு மாற்றப்பட்டபோது இப்பெயர் நாடெங்கும் செய்தியில் அடிபட்டது. ழகரத்துக்காக ஆங்கிலத்தில் இடப்படும் 'இஸட் எச்' என்னும் இரட்டை எழுத்தைத் தமிழறியாதவர் ஜகரத்தின் சாயலில் வாசித்தனர். ஆழ்வார் திருநாமத்திலும் அதே ழகரம் இருமுறை வருகிறது என்பதை நினைக்க வேண்டும்.

மதுரமங்கலம்: எம்பார் அவதரித்த ஊர். குருபரம்பரை வழக்கில் இதற்கு மழலைமங்கலம் என்னும் பெயரும் உண்டு. மழலையின் இனிமையே வடமொழியில் மதுரம். இரண்டு பெயர்களும் ஒன்றுக்கொன்று உரையாக அமைந்தவை. ஆங்கிலத்தில் எழுதியபின் மதுரம் மதுரை நகரத்தின் பெயரை நினைவூட்டுகிறது, இனிமை அகன்றுவிடுகிறது. உடையவரின் சிறியதாயார் திருமகனும் நிழலாகத் தொடர்ந்த சீடருமாகிய எம்பாரின் ஊருக்கு இனிமையைக் குறிக்கும் பெயர் அமைந்ததன் சுவை இதனால் கெடுகிறது.

திருப்புட்குழி: இளையாழ்வார் யாதவப்ரகாசரிடம் பாடம் கேட்ட ஊர், காஞ்சீபுரம் செல்லும் சாலையில் பாலுசெட்டி சத்திரத்தை அடுத்துள்ள திவ்யதேசம். புள் என்பது பறவை. ஜடாயுவுக்குப் பெருமாள் ஈமக்கடன் செய்தருளிய இடமாதலின் புள்ளின் குழி எனப் பெயர் பெற்றது. ளகரமெய் ககரத்தோடு புணர்ந்து டகரமெய்யாகும் என்பது இலக்கணம், ஆதலின் புட்குழி. ஆங்கிலத்தில் அந்த டகரமெய் விடுபட்டுத் 'திருப்புக்குழி' எனவும் எழுதப்படுகிறது. அவ்வொரு மெய்யெழுத்தில்தான் பறவை அமர்ந்திருந்தது. வடமொழிப் பெயராகிய க்ருத்ரஸரஸ்ஸோடு இணைத்துப் பார்க்க அப்போது வழியில்லை.

திருவள்ளூர்: திருஎவ்வுள் என ஆழ்வார்களால் மங்களாசாஸனம் செய்யப்பெற்றது. தான் பள்ளிகொள்ள இடம் எவ்வுள் என்று ஸாலிஹோத்ர முனிவரைப் பெருமான் வினவினான் என்பது அப்பெயரின் வரலாறு. உள் என்பதிலுள்ள ளகரமே திருஎவ்வுளூர் திருவள்ளூர் ஆனதற்கு எஞ்சியிருக்கும் சாட்சி. ஆங்கில எழுத்தில் லகரமும் ளகரமும் ஒன்றாகிவிடுதலின் அச்சாட்சியும் மறைகிறது.

தொழிற்சாலைகளால் பெயர்பெற்ற ஊர்களும் விலக்கல்ல. இருங்காட்டுக்கோட்டை என்பதில் இரும் என்பது பெருமை குறிக்கும் பழந்தமிழ் அடை. காட்டு என்பதில் நெடிலும், க்கோட்டை என்பதில் மிகுந்த ககரமும் ஆங்கிலத்தில் விடுபடுவதால், கட்டு என்று வாசித்துக் காட்டை இழப்பவர் பலர். ஒரகடம் என்பதை ஆங்கிலத்தில் மட்டும் கண்டவர் ஓரகடம் என்றும் ஒரகதம் என்றும் வாசிக்க இடமுண்டு.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உரல் என்பது ஒரல் என்றும், உலகம் என்பது ஒலகம் என்றும் பேச்சில் திரிதல் உண்டு. அதனைக் கொண்டு ஒரகடத்தை உரகம் என்னும் வடசொல்லோடு இணைத்து, ஆதிசேஷனுக்கும் உடையவருக்கும் உரிய ஊர் என்று பெயர்க்காரணம் கட்ட எவருக்கேனும் ஆசை எழலாம். அனந்தஸரஸ்ஸுக்கு அருகிலுள்ள ஊராதலின் அது கேட்பதற்கு இனிமையாகவும் இருக்கும். ஆயினும் ஓசை ஒற்றுமை ஒன்றே ப்ரமாணமாகாது. கல்வெட்டோ ஸ்தலபுராணமோ பூர்வர்களின் வாக்கோ துணை நில்லாத பொருளை ஊர்ப்பெயரின்மேல் ஏற்றுவது, ஒலியைச் சிதைப்பதைப் போன்றதோர் அபசாரமே. பூதபுரி என்பதற்கு மரபு இருக்கிறது. அதனால் அதனை ஏற்கிறோம். ஒலியைக் காப்பவர் பொருளிலும் இவ்வளவு அடக்கம் காட்டுதல் வேண்டும்.

எழுத்தை மாற்றிப் பார்த்த முயற்சி

ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றினால் குறை தீரும் என்னும் கருத்துடன் தமிழ்நாடு அரசு 2020ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறப்பித்தது. 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கள் அதில் மாற்றப்பட்டன. ஜூன் மாதத்தில் பட்டியல் வெளிவந்தது. நோக்கம் போற்றத்தக்கதே. திருவல்லிக்கேணி ஆங்கிலத்திலும் திருவல்லிக்கேணியாகவே நிற்க வேண்டும் என்று விரும்பாத ஸ்ரீவைஷ்ணவர் இரார்.

ஆனால் வேலூர் என்பதிலுள்ள ஏகாரத்தைக் காட்ட ஆங்கில 'ஈ' எழுத்தை இரட்டித்தபோது, ஆங்கிலம் படித்தோர் அதை வீலூர் என்று வாசித்தனர். கோயம்புத்தூரின் தகரத்தைக் காட்ட எழுத்துக்களை அடுக்கியபோது அப்பெயர் கண்ணுக்கே கடினமாயிற்று. எழுந்த விமர்சனங்களால் சில நாட்களிலேயே அப்பட்டியல் திரும்பப் பெறப்பட்டது.

இதிலிருந்து பெறும் பாடம் தெளிவானது. ஆங்கிலத்தின் வழக்கமான எழுத்துக்கள் தமது வாசிப்பு முறையோடு சேர்ந்தே வருகின்றன. இரட்டை ஈகாரம் அவர்களுக்கு ஈகாரமே; நாம் ஏகாரம் என்று கருதி இட்டாலும் அது அவ்வாறு ஆகாது. குறியும் ஒலியும் பிசகாமல் பொருந்த வேண்டுமாயின், 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி கையாண்டதுபோல், நெடிலுக்கு மேற்கோடும் டகர ளகர ழகரங்களுக்குக் கீழ்க்குறியும் இட்டு எழுத வேண்டும். அது ஆராய்ச்சி நூலுக்கு உரியது. பேருந்துப் பலகைக்கு ஆகாது. மேலும், அக்குறிகளின் ஒலி இன்னதென்பதையும் ஒருவர் வாயால் சொல்லித்தான் மற்றவர் அறிய வேண்டும்.

முன்னோர் கண்ட வழி

அந்நிய எழுத்தில் தமிழ்ப்பெயரை எழுதி வாசிக்கும் நிலை நம்மவர்களுக்குப் புதியதன்று. ஸ்ரீவைஷ்ணவ க்ரந்தங்கள் பல தெலுங்கு எழுத்தில் அச்சாகி, தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பயிலப்பட்டன. தெலுங்கின் நடைமுறை நெடுங்கணக்கில் ழகரத்துக்குத் தனியெழுத்து இல்லை. எனினும் ஆசார்யனின் முன்னிலையில் சந்தை சொல்லிக் கற்றவர்கள் மழிசைப்பிரானின் திருநாமத்தைப் பிழையின்றியே அனுஸந்தித்தனர். ஏட்டில் இருந்தது நினைவுக்கு ஒரு துணை மட்டுமே. ஒலி சந்தையில் கைமாறியது. தமிழ் எழுத்துக்கும் இது பொருந்தும். நான்கு பகரங்களுக்கும் ஓரெழுத்தையே உடைய தமிழில் பூதபுரி என்று எழுதிவைத்து, அதனை வடமொழி ஒலியோடு சொல்லும் திறனைத் தந்ததும் சந்தையே.

ஆகவே குறை ஆங்கில எழுத்தினிடம் மட்டும் இல்லை. எழுத்தோடு கூடவே செல்லவேண்டிய சந்தை செல்லாமல், எழுத்து மட்டும் தனியே சென்றதே குறை.

இதன் விளைவு ஊர்ப்பெயரோடு நிற்பதில்லை. கூரத்தாழ்வான், திருக்கச்சி நம்பிகள், திருமழிசையாழ்வார் என நம் ஆசார்யர்களின் திருநாமங்கள் ஊர்ப்பெயரைத் தாங்கியே வழங்குகின்றன. கூரம் என்னும் ஊரின் ஊகாரம் குறுகினால் ஆழ்வானின் திருநாமமே குறுகுகிறது. த்வஷ்டா ஸ்வரம் பிசகி உச்சரித்ததால் இந்த்ரனைக் கொல்லவேண்டிய வேள்வி அவன் மகனையே கொல்வித்தது என்னும் வரலாற்றைச் சீக்ஷை நூலார் எடுத்துக்காட்டுவர். ஊர்ப்பெயரைத் தவறாகச் சொன்னால் அத்தகைய தீங்கு நேரும் என்று எவரும் சொல்லவில்லை. அறியாமல் தவறாகச் சொல்லும் அடியானையும் எம்பெருமான் கைக்கொள்வான் என்பதே நம் ஸித்தாந்தம். ஆயினும் அவன் பொறுப்பான் என்பது, அறிந்தவர் சொல்லிக்கொடுக்காமல் இருப்பதற்குக் காரணமாகாது.

ஸ்ரீ என்றும் திரு என்றும் இவ்வூரின் அடைமொழி பற்றி எழும் வாதமும் இவ்விடத்தில் தீர்கிறது. ஸ்ரீபெரும்பூதூர் என்பாரும் திருப்பெரும்பூதூர் என்பாரும் பிராட்டியையே முன்னிட்டுச் சொல்லுகின்றனர். இரு மொழியையும் இரு கண்ணாகக் கொண்ட ஸம்ப்ரதாயத்தில் ஒன்றை நிறுவ மற்றொன்றை விலக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டையும் அதனதன் ஒலியோடு சொல்லத் தெரிந்திருப்பதே வேண்டுவது.

செய்யத்தக்கவை

முகவரியிலும் அரசு ஆவணத்திலும் நிலைபெற்றுள்ள ஆங்கில வடிவங்களை ஆளுக்கொரு விதமாகத் திருத்தி எழுதுவதால் குழப்பமே மிகும். அவற்றை உள்ளவாறே விடலாம். ஆங்கிலத்தில் ஸம்ப்ரதாய நூல் எழுதுவோர், ஒவ்வொரு திருத்தலப் பெயரும் முதன்முறை வருமிடத்தில் அதனைத் தமிழெழுத்திலும், பேரகராதி முறையிலான குறியெழுத்திலும் ஒருமுறை காட்டி, வடமொழிப் பெயரையும் உடன் குறிக்கலாம். பெரும்பூதூர் என்பதற்கு அருகே பூதபுரி நின்றால் நெடிலின் காரணம் தானே விளங்கும். வெளிநாடுகளில் குழந்தைகளுக்குத் தனியன்களையும் வாழித்திருநாமங்களையும் கற்பிப்போர், அவற்றில் வரும் ஊர்ப்பெயர்களைத் தனியே எடுத்து, இரண்டு முறை சொல்லித் திரும்பச் சொல்லச் செய்தல் நலம். ஒலிப்பதிவுகள் இக்காலத்தில் எளிதில் கிடைக்கின்றன. அந்தந்த ஊரில் பிறந்து வளர்ந்தவரின் வாயால் பதிவு செய்யப்பெற்றதாயின் அது சிறந்த ப்ரமாணமாகும்.

தொழில் நிமித்தம் இப்பகுதிக்கு வந்து குடியேறியிருப்போர் பெயரைப் பிசகிச் சொன்னால் நகைப்பதும் கூடாது. சித்திரைத் திருவாதிரை உத்ஸவத்தில் தாமுகந்த திருமேனியை ஸேவிக்க வருவோருள் ஆலைகளில் பணிபுரியும் வெளிமாநிலத்தவரும் இருக்கக்கூடும். கோஷ்டியில் பெரும்பூதூர் என்னும் பெயர் தெளிவாக ஒலிக்குமாயின் அவர்கள் செவியிலும் அது அவ்வாறே விழும். ஸேவை முடிந்து வெளியே வந்து பேருந்துப் பலகையிலுள்ள ஆங்கில எழுத்தைக் காணும்போது, தாம் கேட்ட ஒலியை அதன்மேல் ஏற்றி அவர்களும் சரியாகவே வாசிப்பர்.